கர்னல் பெர்கின்ஸ் யார்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், பார்வையற்ற மாணவர்கள் தட்டி எழுதும் பெர்கின்ஸ் பிரெயில் எந்திரத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு போட்டிருந்தோம். அந்தப் பெயருக்குரியவர் ‘அமெரிக்காவின் ஆரம்பகால வணிகர், கர்னல், சட்டமன்ற உறுப்பினர்’ என்று ஒரே வரியில் முடித்தது வாசகர்களுக்குப் போதவில்லை. கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. எனவே இம்முறை பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கிவிட்டோம்.

ஒரே ஆள் வியாபாரி, பட்டாளத்து அதிகாரி, எம்.எல்.ஏ. என்று மூன்று வேலையும் பார்த்தாரா? முதலில் ஆள் யார் என்று சொல்லுங்கள். (கல்லூரி மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை)

தாமஸ் ஹாண்டசிட் பெர்கின்ஸ். 1764 டிசம்பரில் பாஸ்டனில் பிறந்தார், 1854 ஜனவரியில் 89 வயதில் இறந்தார். பிறந்தபோது ஊர் பிரிட்டிஷ் காலனி. அவருக்கு வயது வந்தபோது அது புதுக் குடியரசு. அப்பா 1773இல் இறந்துவிட, அம்மா எலிசபெத் எட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கடையைத் தானே நடத்தினார். பையனை ஹார்வர்டுக்கு அனுப்பத்தான் ஏற்பாடு. அவனோ கல்லூரி வேண்டாமென்று ஒரு வணிகரின் கணக்கறையில் போய் உட்கார்ந்துவிட்டான்.

மூன்று வேலை என்று பிரித்துப் பார்ப்பது நம் பழக்கம். அன்றைய பாஸ்டனில் கப்பல் முதலாளிதான் மிலிஷியா (தேவைப்படும்போது திரளும் குடிமக்கள் படை) அதிகாரி, அவரேதான் வங்கி இயக்குநர், அவரேதான் சட்டமன்றத்திலும் இருப்பார். பெர்கின்ஸ் விஷயத்தில் மூன்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே பணம்தான். அந்தப் பணம் எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால் ஆள் தெளிவாகப் புரிந்துவிடுவார்.

செம்பியம் சிம்சன் ஆலையில் தயாரான பெர்கின்ஸ் டீசல் எஞ்சினும் இவருடையதுதானா? (மெக்கானிக், பெரம்பூர்)

இல்லை. அவர் ஃபிராங்க் பெர்கின்ஸ், இங்கிலாந்தில் பீட்டர்பரோ ஊர்க்காரர், 1932இல் கம்பெனி ஆரம்பித்தவர். குளிர்பதன எந்திரத்துக்கு 1834இல் காப்புரிமை வாங்கிய ஜேக்கப் பெர்கின்ஸ் மூன்றாவது ஆள். இந்த மூவரைப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

‘சூப்பர்கார்கோ’வாகக் கப்பலில் போனார் என்று படித்தேன். அது கேப்டனுக்கு மேலா, கீழா? (ஓய்வுபெற்ற துறைமுக டேலி கிளார்க், ராயபுரம்)

மேலும் இல்லை, கீழும் இல்லை. பாய் விரிப்பது, நங்கூரம் போடுவது, மாலுமியைத் தண்டிப்பது எல்லாம் கேப்டன் பாடு. சரக்கை எங்கே விற்பது, என்ன விலைக்கு, அந்தப் பணத்தில் எதை வாங்கி ஏற்றுவது என்பதெல்லாம் சூப்பர்கார்கோ பாடு. முதலாளி கரையில் இருக்கிறார். கடிதம் போய்ப் பதில் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஆகவே முதலாளியின் கையெழுத்து மாதிரி ஒரு ஆள் கப்பலிலேயே போக வேண்டியிருந்தது.

பெர்கின்ஸ் 1789இல் சேலம் (மாசசூசெட்ஸ் சேலம், நம் சேலம் அல்ல) வணிகர் எலியாஸ் ஹாஸ்கெட் டெர்பியின் ‘அஸ்ட்ரியா’ கப்பலில் இந்த வேலையாகப் போனார். கேப்டன் ஜேம்ஸ் மகீ. பட்டேவியா (இன்றைய ஜகார்த்தா) வழியாகச் சீனத் துறைமுகமான கான்டனுக்குப் பயணம்.

கான்டனில் வேலை நடந்த விதத்தை உங்களுக்கு விரித்தே சொல்லலாம், ஏனென்றால் துறைமுக வேலை தெரிந்தவருக்கு இது ருசிக்கும். தென்மேற்குப் பருவக்காற்றில் சீனக் கடலுக்குள் நுழைய வேண்டும், வடகிழக்குக் காற்றில் வெளியேற வேண்டும். இந்தக் கணக்கு தப்பினால் அடுத்த பருவம் வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான். மக்காவ் அருகே பைலட்டை ஏற்றிக்கொண்டு ஆற்றில் வாம்போவா வரை போகலாம். அதற்கு மேல் அந்நியக் கப்பலுக்கு அனுமதி இல்லை. அங்கே சுங்க அதிகாரி வந்து கப்பலின் நீள அகலத்தை அளப்பார். அந்த அளவுக்கு ஒரு வரி, அதன் மேல் ‘கம்ஷா’ என்ற அன்பளிப்பு. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு ஹாங் வணிகர் ஜாமீன் நிற்க வேண்டும். வரி பாக்கி வைத்தாலும் மாலுமி வம்பு செய்தாலும் அவர் தலைதான் உருளும். உரிமம் பெற்ற அந்த விரல்விட்டு எண்ணக்கூடிய ஹாங் வணிகர்களைத் தவிர வேறு யாரிடமும் தேயிலையை மொத்தமாக வாங்க முடியாது.

ஏற்றுவதிலும் முறை உண்டு. பீங்கான் பெட்டிகள் அடித்தளத்தில் போகும். கனமானவை என்பதால் கப்பலை நிலையாக வைக்கும், தண்ணீர் கசிந்து நனைந்தாலும் கெடாது. அதன் மேலே ஈயத் தகடு உள்ளே பதித்த தேயிலைப் பெட்டிகள். தேயிலை ஈரத்தையும் உறிஞ்சும், பக்கத்துச் சரக்கின் வாடையையும் உறிஞ்சும். எனவே தார், எண்ணெய் எதுவும் அருகில் கூடாது. எடை போடும்போது பெட்டியின் எடையையும் ஈயத்தின் எடையையும் கழிக்க வேண்டும். சில பெட்டிகளைப் பிரித்து எடுத்த சராசரியை முழு வரிசைக்கும் போடுவார்கள். சூப்பர்கார்கோ தூங்கி வழிந்தால் முதலாளி ஈயத்துக்குத் தேயிலை விலை கொடுப்பார்.

அந்தப் பயணத்தில் அவருக்குப் பிடிபட்ட விஷயம் இது: அமெரிக்காவிடம் சீனாவுக்கு விற்க உருப்படியான சரக்கு குறைவு. ஜின்செங் வேர் கொஞ்சம் போகும், ஆனால் ஒரே பருவத்தில் நாலு கப்பல் கொண்டுவந்தால் விலை விழுந்துவிடும். மற்றபடி பீப்பாய் பீப்பாயாக ஸ்பானிஷ் வெள்ளி டாலர் சுமந்து போக வேண்டும். வெள்ளிக்குப் பதில் என்ன கொடுக்கலாம் என்று தேடியதுதான் அடுத்த முப்பது ஆண்டுகள் பாஸ்டன் வணிகர்களின் பிழைப்பு. கேப் ஹார்ன் சுற்றி அமெரிக்காவின் வடமேற்குக் கரைக்குப் போய் இரும்பு, செம்பு, துணி, துப்பாக்கி கொடுத்துக் கடல் நீர்நாய்த் தோல் வாங்கினார்கள். ஹவாயில் சந்தனக்கட்டை, பசிபிக் தீவுகளில் கடல் அட்டை. எல்லாம் கான்டனில் இறங்கும், தேயிலையும் பட்டும் ஏறும். ஒரு சுற்று முடிய இரண்டு மூன்று ஆண்டுகள். தோல் சரியாகக் காயாமலோ கப்பலில் ஈரம் பட்டோ போனால் முடி உதிர்ந்து பாதி விலைக்கும் போகாது. கடைசியில் நீர்நாயே அருகிப்போனது. சந்தன மரமும் தீர்ந்தது.

அபின் விற்றவர் என்கிறார்களே, உண்மையா? (காசிமேடு)

உண்மை. ஒளித்துப் பேச ஒன்றுமில்லை.

வங்காள அபின் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகம். அமெரிக்கர்கள் அதன் கிட்டே போவது கடினம். ஆகவே துருக்கியின் ஸ்மிர்னா துறைமுகத்துக்குப் போனார்கள். பெர்கின்ஸும் அண்ணன் ஜேம்ஸும் நடத்திய ஜே. அண்ட் டி. ஹெச். பெர்கின்ஸ் நிறுவனம் இந்தத் துருக்கி அபின் வியாபாரத்தில் முன்வரிசை. கான்டனில் கிளையை நடத்தியவர் சகோதரியின் மகன் ஜான் பெர்கின்ஸ் குஷிங். 1803இல் போனபோது வயது 16. கூடப் போன மூத்தவர் நோயில் இறந்துவிட, பையன் பொறுப்பேற்று ஹாங் வணிகர் ஹௌக்வாவின் நம்பிக்கையைச் சம்பாதித்தான். பின்னால் இன்னொரு சகோதரியின் மகன் ராபர்ட் பென்னட் ஃபோர்ப்ஸ் வந்து சேர்ந்தார். தாய்மாமன் கடையில் மருமான்கள் தொழில் பழகுவது பாஸ்டனிலும் அப்படித்தான்.

சீனப் பேரரசு அபினைத் தடை செய்திருந்தது. 1821இல் கெடுபிடி அதிகமானதும் சரக்கு ஆற்றுக்குள் வருவது நின்றது. லிண்டின் தீவருகே கடலிலேயே கிடங்குக் கப்பல் நிறுத்தினார்கள். பேரம் கான்டனில் முடியும். வாங்குபவர் அங்கேயே வெள்ளியைக் கொடுத்து ஒரு சீட்டு வாங்கிக்கொள்வார். சீட்டை எடுத்துக்கொண்டு, வரிசையாகத் துடுப்புப் போட்ட கடத்தல் படகு லிண்டினுக்குப் போகும். கிடங்குக் கப்பலில் பெட்டியைப் பிரித்து, எடை பார்த்து, படகில் இறக்கிவிடுவார்கள். எடைக் கணக்கு பிக்குல், அதாவது 133⅓ பவுண்டு, சுமார் 60 கிலோ. அதிகாரிகளுக்குக் கொடுக்க வேண்டியதைப் படகுக்காரர் பார்த்துக்கொள்வார். அமெரிக்க வணிகர் கையில் ஒரு துளி சேறும் ஒட்டாது. காசு முன்கூட்டியே வந்துவிட்டது, சட்டத்தை மீறியவர் வேறு ஆள். இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியமே அதுதான், அசிங்கமும் அதுதான்.

இந்திய அபினோடு ஒப்பிட்டால் துருக்கி அபின் அளவில் சிறிது. அதைக் காட்டி பெர்கின்ஸுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் உண்டு. எங்களுக்கு அந்த வாதம் ஏறவில்லை. குறைவாக விற்றார் என்பது அவரது பங்கு எவ்வளவு என்பதற்குப் பதில். செய்தது என்ன என்பதற்கு அது பதிலாகாது.

அடிமை வியாபாரத்திலும் கை இருந்ததா? (வியாசர்பாடி)

இருந்தது. சீனாவுக்கு முன்னால் அவர்கள் தொழில் கரீபியனில், இன்றைய ஹைதியான சான் டொமிங்கோ என்ற பிரெஞ்சுக் காலனியில். மாவு, உப்புமீன், குதிரை இறக்கிச் சர்க்கரை, காப்பி ஏற்றினார்கள். தரகு வாங்கிக்கொண்டு ஆப்பிரிக்க மனிதர்களையும் விற்றுக் கொடுத்தார்கள். 1791 ஆகஸ்டில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது அங்கிருந்த அண்ணன் ஜேம்ஸ் குடும்பத்தோடு தப்பி வந்தார், வியாபாரம் அழிந்தது. பாஸ்டன் பெருமக்களைப் பற்றி எழுதும்போது இந்த அத்தியாயத்தை ‘மேற்கிந்தியத் தீவு வர்த்தகம்’ என்று மழுப்பிச் சொல்வார்கள். மாவும் மீனும் மட்டும்தான் கப்பலில் இருந்தது போல.

அமெரிக்கக் கப்பல்கள் நம் மெட்ராஸுக்கும் வந்தனவா? எங்கள் முன்னோர் நெய்தது அங்கே போயிருக்குமா? (நெசவாளர் குடும்பம், காலடிப்பேட்டை)

வந்தன. 1794இல் கையெழுத்தான ஜே ஒப்பந்தத்தின் 13ஆம் பிரிவு, கிழக்கே பிரிட்டிஷ் ஆளுகையிலிருந்த துறைமுகங்களில் அமெரிக்கக் கப்பல் வியாபாரம் செய்யலாம் என்றது. ஒரு நிபந்தனை, வாங்கிய சரக்கை நேரே அமெரிக்காவுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பெர்கின்ஸ் நிறுவனத்தின் மையம் கான்டன். மெட்ராஸ், கல்கத்தா பக்கம் அதிகம் வந்தவர்கள் சேலம், பாஸ்டன் ஊர்களின் மற்ற வணிகர்கள். அப்போது நமக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் ஆழத்தில் நிற்கும், கயிறு போட்டுத் தைத்த மசூலாப் படகில் மூட்டைகள் அலை தாண்டிப் போகும். ஆணி அடித்த படகு அந்த அலையில் பிளந்துவிடும், தைத்த படகு வளைந்துகொடுக்கும்.

கட்டம் போட்ட மெட்ராஸ் கைக்குட்டை, பழவேற்காட்டின் பெயரால் ‘புலிகாட்’ என்றழைக்கப்பட்ட கைக்குட்டை இரண்டும் அட்லாண்டிக்கின் இரு கரையிலும் விலைபோன சரக்குகள். காலடிப்பேட்டையே கவர்னர் ஜோசப் காலெட் காலத்தில் நெசவாளருக்காக அமைந்த ஊர் என்பது உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஐஸ் ஹவுஸுக்கு ஐஸ் அனுப்பியதும் பெர்கின்ஸா? (திருவொற்றியூர்)

அல்ல. அவர் அதே ஊர்க்காரரான ஃபிரெடரிக் டியூடர். குளத்து ஐஸை மரத்தூளில் பொதிந்து அனுப்பினார்.

கர்னல் என்கிறார்களே, எந்தப் போரில் சண்டை போட்டார்? (முன்னாள் என்.சி.சி. மாணவர், கொளத்தூர்)

எதிலும் இல்லை. சுதந்திரப் போர் முடிந்தபோது அவருக்கு வயது 18. அவர் மிலிஷியா அதிகாரி. மாசசூசெட்ஸ் கவர்னருக்கு மெய்க்காவல் நிற்கும் ‘இன்டிபென்டன்ட் கேடட்ஸ்’ படைப்பிரிவின் தலைவராக இருந்தவர். அந்தப் பதவிக்கு லெப்டினன்ட் கர்னல் தகுதி உண்டு. விழா நாள்களில் சீருடையோடு அணிவகுப்பார்கள். பதவி போனாலும் பட்டம் போகாது. சாகும் வரை ஊர் அவரைக் ‘கர்னல் பெர்கின்ஸ்’ என்றே கூப்பிட்டது.

சாதாரண மிலிஷியாவுக்கும் இந்தக் கேடட்ஸுக்கும் ரொம்ப தூரம். 1792 மிலிஷியா சட்டப்படி 18 முதல் 45 வயதுக்குட்பட்ட, உடல் தகுதியுள்ள, சுதந்திர வெள்ளையர் ஆண் ஒவ்வொருவரும் பெயர் பதிய வேண்டும். பதிந்து ஆறு மாதத்துக்குள் தன் செலவில் வாங்கவேண்டியவை: ஒரு மஸ்கெட் துப்பாக்கி, பயனெட்டும் (குழல் முனையில் மாட்டும் கத்தி) அதற்கான பட்டையும், உபரியாக இரண்டு சிக்கிமுக்கிக் கல், முதுகுப்பை, குறைந்தது 24 தோட்டா கொள்ளும் பை. ரைஃபிள் வைத்திருப்பவர் 20 குண்டும் கால் பவுண்டு மருந்தும் கொண்டுவரலாம்.

காகிதத்தில் நன்றாக இருக்கிறது. மைதானத்தில் என்ன ஆகும்? ஒருவன் தாத்தா காலத்துத் துப்பாக்கி கொண்டுவருவான், இன்னொருவன் வாத்து சுடும் துப்பாக்கி. குழல் விட்டம் ஒன்றுக்கொன்று சேராது. பக்கத்து ஆளிடம் தோட்டா கடன் வாங்கினால் உள்ளே நுழையாது, அல்லது லொடலொடவென்று கிடக்கும். இதற்காகவே அந்தச் சட்டம், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் எல்லா மஸ்கெட்டும் ஒரு பவுண்டில் பதினெட்டில் ஒரு பங்கு எடையுள்ள குண்டு, அதாவது சுமார் 25 கிராம், போகும் அளவில் இருக்க வேண்டும் என்று விதித்தது. சிக்கிமுக்கிக் கல் சுடச் சுடத் தேய்ந்து பொறி விழாமல் போகும். உபரிக் கல் இரண்டு கேட்டது அதனால்தான். கேடட்ஸ் போன்ற பணக்காரப் பிரிவுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரே மாதிரி ஆயுதம், ஒரே மாதிரி உடுப்பு, எல்லாம் சொந்தக் காசு.

பார்வையற்றோர் பள்ளிக்கு அவர் பெயர் எப்படி வந்தது? அந்த எந்திரத்தைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி என்றும் எழுதுங்கள். (சிறப்புப் பள்ளி ஆசிரியை, தண்டையார்பேட்டை)

பள்ளிக்கு 1829இல் சட்டமன்றம் சாசனம் கொடுத்தது. 1832இல் டாக்டர் சாமுவேல் கிரிட்லி ஹோ தன் அப்பா வீட்டில் சில பிள்ளைகளோடு தொடங்கினார். இடம் போதவில்லை. 1833இல் பெர்கின்ஸ் பேர்ல் தெருவிலிருந்த தன் மாளிகையைத் தர முன்வந்தார். ஊரார் 50,000 டாலர் திரட்டிக் காட்டினால்தான் என்று நிபந்தனை போட்டார். திரட்டினார்கள். வியாபாரியின் நன்கொடை இப்படித்தான் இருக்கும், பிறர் பையையும் சேர்த்துத் திறக்கவைக்கும். 1839இல் அந்த மாளிகையும் சிறிதாகிவிட, அதைக் கொடுத்துவிட்டு சவுத் பாஸ்டனில் ஒரு ஓட்டல் கட்டடத்தை மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார். பள்ளி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. ஹெலன் கெல்லரின் ஆசிரியை ஆன் சல்லிவன் 1886இல் படித்து வெளிவந்தது அங்கிருந்துதான்.

பெர்கின்ஸ் காலத்தில் அங்கே பிரெயிலே கிடையாது. மேடாக அச்சடித்த ரோமன் எழுத்தை விரலால் தடவிப் படித்தார்கள். எந்திரம் அந்தப் பள்ளி ஆசிரியர் டேவிட் ஆபிரகாம் வடிவமைத்தது, பெர்கின்ஸ் இறந்து ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 1951இல் வெளிவந்தது. இன்று நம் காட்பாடியில் வொர்த் டிரஸ்ட் அதைத் தயாரிக்கிறது.

பயன்பாடு. இடமிருந்து வலமாக விசைகள்: வரி மாற்றும் விசை, பிறகு புள்ளி 3, 2, 1, நடுவில் இடைவெளி, பிறகு 4, 5, 6, கடைசியில் பின்னே நகர்த்தும் விசை. தாள் பிடிக்கும் இரு நெம்புகோலையும் உங்கள் பக்கம் இழுத்து, தாளைச் செருகி, நெம்புகோலைத் திரும்பத் தள்ளிப் பூட்டுங்கள். பக்கக் குமிழைத் திருப்பித் தாளை முழுக்க உள்ளே சுருட்டியதும் வரி விசையை ஒரு முறை அழுத்த வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் விடுவது இந்தப் படியைத்தான். விட்டால் தாள் நிலைகொள்ளாது, முதல் வரி கோணும். ஒரு எழுத்துக்கான விசைகள் அத்தனையும் ஒரே நேரத்தில், ஒரே பலத்தில் அழுந்த வேண்டும். மோதிரவிரல் பலவீனமான குழந்தைக்கு 3, 6 புள்ளிகள் மங்கி விழும். அதைப் பழுது என்று நினைத்து எந்திரத்தைக் கழற்றாதீர்கள். வரி முடியப்போகும்போது மணி அடிக்கும். எழுதும் தலையைக் கையால் இடது ஓரத்துக்குத் தள்ளிவிட்டு வரி விசையை அழுத்துங்கள்.

தமிழில் ‘அம்மா’ எழுத ஐந்து கட்டம்: அ புள்ளி 1, மெய்க்குறி புள்ளி 4, ம 1-3-4, மறுபடி ம 1-3-4, கால் 3-4-5. மெய்யின் புள்ளிக்குறி எழுத்துக்கு முன்னால் வரும், அச்சில் போல மேலே அல்ல. மெல்லிய நோட்டுத் தாள் போட்டால் புள்ளி கிழியும், கிழியாவிட்டால் நாலு தடவை படித்ததும் தட்டையாகிவிடும். கெட்டியான பிரெயில் தாளே வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்கள் வேலை முடிந்ததும் உறை போட்டு மூடிவையுங்கள். உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்தால் விசை இறுகும். இறுகினால் வீட்டு எண்ணெய் விடக் கூடாது. எண்ணெய் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

சட்டமன்றத்தில் என்ன செய்தார்? ஓட்டு வாங்கித்தான் போனாரா? (வழக்கறிஞர், ஜார்ஜ் டவுன்)

ஓட்டு வாங்கித்தான், ஆனால் யார் ஓட்டு என்று பாருங்கள். 1780 மாசசூசெட்ஸ் அரசியல் சட்டப்படி, ஆண்டுக்கு 3 பவுண்டு வருமானம் தரும் நிலமோ 60 பவுண்டு சொத்தோ உள்ள ஆணுக்குத்தான் வாக்கு. செனட்டராக 300 பவுண்டு நிலம் அல்லது 600 பவுண்டு சொத்து வேண்டும். 1805இல் ஃபெடரலிஸ்ட் கட்சி சார்பில் மாநில செனட்டுக்குப் போனார். அடுத்த சுமார் இருபது ஆண்டுகளில் பெரும்பகுதி இரு அவைகளில் ஒன்றில் இருந்தார்.

அவர் அரசியலின் சங்கடமான தருணம் 1815. பிரிட்டனோடு நடந்த 1812 போர் கப்பல் வணிகர்களின் வயிற்றில் அடித்தது. நியூ இங்கிலாந்து மாநிலங்கள் ஹார்ட்ஃபோர்டில் கூடி மத்திய அரசிடம் கோரிக்கைகள் தீட்டின. அதைத் தூக்கிக்கொண்டு வாஷிங்டன் போன மாசசூசெட்ஸ் தூதர் மூவரில் பெர்கின்ஸ் ஒருவர், மற்றவர்கள் ஹாரிசன் கிரே ஓட்டிஸ், வில்லியம் சல்லிவன். போய்ச் சேரும் சமயத்தில் நியூ ஆர்லியன்ஸ் வெற்றிச் செய்தியும் சமாதானச் செய்தியும் வந்து தலைநகரமே கொண்டாட்டத்தில் இருந்தது. கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பினார்கள். ஃபெடரலிஸ்ட் கட்சி அதற்குப் பிறகு தேசிய அளவில் எழுந்திருக்கவே இல்லை.

உங்கள் தொழிலுக்குப் பயன்படும் இன்னொரு விஷயம். இன்று போல விண்ணப்பம் கொடுத்துக் கம்பெனி பதிவு செய்யும் வழி அன்று கிடையாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டும். முதலீட்டாளரே உறுப்பினராக இருப்பதும், உறுப்பினரின் நண்பர்கள் மனு கொடுப்பதும் அன்று யாருக்கும் உறுத்தவில்லை.

அமெரிக்காவின் ஆரம்பகால ரயில் கம்பெனி ஒன்றுக்கு அவர் தலைவர் என்று கேள்வி. எங்கள் செங்குன்றம் ரயிலும் கல் சுமக்கத்தானே வந்தது? (செங்குன்றம்)

சரியான இடத்தைத் தொட்டீர்கள். 1837இல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் வரை ஓடியது, மெட்ராஸ் சாலைகளுக்குச் செம்புறைக்கல் கொண்டுவரத்தான். பயணிகளுக்கான ராயபுரம் ரயில் 1856இல்தான் வந்தது. பெர்கின்ஸ் தலைவராக இருந்தது பாஸ்டன் அருகே குவின்சி ஊரின் கிரானைட் ரயில்வே, அது 1826. காரணம் ஒன்றே: கல்லின் விலையைவிட வண்டிக் கூலி அதிகம்.

பங்கர் ஹில் போர் நினைவுத் தூணுக்கு 1825இல் அடிக்கல் நாட்டினார்கள். 221 அடி உயரம், முழுக்கக் கிரானைட். அதற்கான கல் குவின்சி குவாரியில். பொறியாளர் கிரிட்லி பிரையன்ட் ரயில் பாதை போடலாம் என்றார். சட்டமன்றத்தில் முணுமுணுப்பு: யாரும் கண்டறியாத ஒன்றுக்காகக் குடியானவன் நிலத்தை எடுப்பதா? 1826 மார்ச் 4ஆம் தேதி சாசனம் கிடைத்தது. பணம் போட்டவர்களில் முதல்வர் பெர்கின்ஸ், கம்பெனித் தலைவரும் அவரே.

குவாரியிலிருந்து நெபான்செட் ஆற்றுத் துறைக்கு சுமார் 3 மைல். எட்டடிக்கு ஒன்றாகக் குறுக்கே கருங்கல் கட்டைகள், அதன் மேல் 6 அங்குலத் தடிப்பும் 12 அங்குல உயரமும் கொண்ட மரத் தண்டவாளம், அதன் முதுகில் 3 அங்குல அகலம், கால் அங்குலத் தடிப்புள்ள இரும்புப் பட்டை. சாலை குறுக்கிடும் இடத்தில் மரத்துக்குப் பதில் கல் தண்டவாளம், வண்டிச் சக்கரம் ஏறி மரத்தை நசுக்கிவிடும் என்பதால். குளிர்காலத்தில் மண்ணின் ஈரம் உறைந்து பூமி மேலெழும், அது பாதையைத் தூக்கி விடாதிருக்க அடியில் கல் நிரப்பினார்கள். செங்குன்றத்துக்கு அந்தக் கவலை இல்லை. மரம் உளுத்துக்கொண்டே வந்ததால் 1837க்குள் எல்லாவற்றையும் கல்லாக மாற்றிவிட்டார்கள்.

வண்டி பார்க்க வினோதமாக இருக்கும். ஆறரை அடி விட்டமுள்ள சக்கரங்கள், அச்சுக்குக் கீழே சங்கிலியில் தொங்கும் தட்டு. தட்டைத் தரைக்கு இறக்கி, கல்லை அதன் மேல் உருட்டி, பல்சக்கரத்தால் சற்றே தூக்கிக்கொண்டு கிளம்பலாம். பாரந்தூக்கி தேவையில்லை. எடை தரையை ஒட்டியே இருப்பதால் கவிழவும் கவிழாது. 1826 அக்டோபர் 7 அன்று, மூன்று வண்டியில் 16 டன் கல், வண்டிகளின் எடை 5 டன், ஆக 21 டன்னை ஒற்றைக் குதிரை இழுத்தது. பாதை துறையை நோக்கிச் சரிந்திருந்ததும் ஒரு காரணம், முழுப் பெருமையும் குதிரைக்குப் போகாது.

குறை எங்கே என்றால் ஏற்றி இறக்குவதில். குவாரியில் வண்டிக்கு, துறையில் படகுக்கு, சார்ல்ஸ்டவுனில் கரைக்கு, பிறகு குன்றின் மேலே. ஒவ்வொரு கைமாற்றத்திலும் செதுக்கிய விளிம்பு உடையும், நாளும் போகும். தூண் கட்டிய சாலமன் வில்லர்டுக்கு இந்த ரயில் மேல் கடைசி வரை திருப்தி இல்லை. பணமும் இடையில் தீர்ந்து வேலை நின்றது. திறப்பு விழா நடந்தது 1843 ஜூன் 17இல்.

1830இல் உயரமான குவாரி விளிம்புக்கு 315 அடி நீளத்தில் ஒரு சாய்தளம் போட்டார்கள். ஓயாமல் ஓடும் சங்கிலி, பாரத்தோடு இறங்கும் வண்டி காலி வண்டியை மேலே இழுக்கும். 1832 ஜூலை 25 அன்று வேடிக்கை பார்க்க வந்த நால்வரை ஒரு காலி வண்டியில் மேலே ஏற்றினார்கள். உச்சிக்கு அருகே சங்கிலி அறுந்தது. கல்லுக்கான வண்டியில் பிரேக்கும் இல்லை, பிடித்துக்கொள்ளப் பக்கச் சட்டமும் இல்லை. வண்டி பின்னோக்கி ஓடித் தூக்கியெறிந்ததில் ஒருவர் இறந்தார். 1870களின் தொடக்கத்தில் ஓல்ட் காலனி ரயில்வே பாதையை வாங்கி, கல் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு நீராவி எஞ்சினுக்கு ஏற்றபடி இரும்புப் பாதை போட்டது.